காரல் கருவாட்டுத் தீன்

மச்சான்,

இன்று காலை கலவைக் கூடத்தில் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்தார்கள். அவிழ்த்ததுமே மணம் வந்துவிட்டது. காரல் கருவாடு. விரல் நீளச் சின்னக் காரல், செதிலும் முள்ளும் தூளுமாக ஒரு சாக்கு நிறைய. கொண்டுவந்தவர் செங்கலடிப் பக்கம் கோழி வளர்க்கிற ஒரு ஐயா. சோயாப் புண்ணாக்கு இந்தக் கிழமையும் விலை ஏறிவிட்டது, அதற்குப் பதிலாக இதை அரைத்துப் போட்டுத் தர ஏலுமா தம்பி என்று கேட்டார். நியாயமான கேள்வி. புரதம் இருக்கிறது, மலிவு, கடற்கரையில் கிடைக்கிறது. நான் ஒரு காரலை எடுத்து நாக்கில் வைத்தேன். துப்பினேன். "இதக் கொண்டு போங்க ஐயா" என்றேன். ஏன் என்று கேட்டார். மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

நீ போய் அடுத்த மாரியும் முடியப்போகிறது.

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. கலவைச் சீட்டு எழுதுவேன், அறிக்கை எழுதுவேன், அதில் கடைசி வரியில் முடிவு என்று ஒன்று இருக்கும். இதில் என்ன முடிவு வரும் என்று எனக்குத் தெரியாது. ஒரு முறைப்பாடு என்று வைத்துக்கொள். உன்மேல்தான்.

முதலில் இப்போதைய நிலைமை. சோளன் முறிக்கிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கரடியனாற்று மேட்டுக் காணிகளில் கதிர்கள் செடியிலேயே நனைந்து முளைவிட்டன. வட்டை வயல்களில் வேளாண்மை சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. வெட்டி எடுத்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு ஈரம், ஈரம் என்று சொல்லியே ஆலைக்காரர் விலையைக் குறைத்தார்கள். சரி, நெல் மலிந்தால் தவிடும் குறுணலும் மலிய வேண்டும். அதுதானே நியாயம்? மலியவில்லை. தீன் மூட்டை ஏறும்போது டொலர் ஏறிவிட்டது என்கிறார்கள். டொலர் இறங்கும்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. முட்டை விலை மட்டும் கிழமைக்கொன்று. விற்கிறவனுக்கும் விளங்கவில்லை, வாங்குகிறவனுக்கும் விளங்கவில்லை, நடுவில் நிற்கிற எனக்கும் விளங்கவில்லை. நான் இதைப் படித்துப் பட்டம் வாங்கியவன்.

இந்தக் குழப்பத்துக்குள் உன் வளவில் சுகந்தி நூற்று நாற்பது முட்டைக் கோழியோடு நிற்கிறாள். உன் பெண்சாதி உன்னைவிடத் திறமாகக் கோழி வளர்ப்பாள் என்பதை நீ இருக்கும்போதே உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். இந்த முறை அவள் செய்ததைக் கேள். மேகத்தைப் பார்த்துவிட்டு, ஊரார் சிரிக்கச் சிரிக்க, மழைக்கு நாலு நாள் முதலே சோளனை முறித்துவிட்டாள். பன்னிரண்டு மூட்டை. என் ஈரமானியை வைத்துப் பார்த்தேன், சுற்றுவட்டாரத்தில் அப்படிக் காய்ந்த சோளன் இல்லை. அது யாபாரிக்கும் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை லொறி கொண்டுவருகிறேன், நல்ல விலை தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பன்னிரண்டும் வேண்டுமாம். குறைந்தால் லொறி ஒழுங்கைக்குள் வராதாம், றோட்டுக்குச் சுமந்து கொண்டுவந்தால் அதற்கு வேறு விலையாம்.

விற்றால் கோழிக்குத் தீன் இல்லை. கடைத் தீன் வாங்கிக் கட்டாது. அப்படியானால் கோழிகளையும் இறைச்சிக்குக் கொடுத்துவிட்டுக் கூட்டைக் காலியாக்க வேண்டும். விற்காமல் வைத்திருந்தால் இரண்டு மாதத்துக்குக் கோழி தின்னும், முட்டையிடும். ஆனால் அந்த முட்டை என்ன விலைக்குப் போகும் என்று தெரியாது.

"குடுக்கவா அண்ணா, வைக்கவா?" என்று போன கிழமை சுகந்தி கேட்டாள்.

போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். வில் என்று வந்தது. முட்டை விலையைச் சற்று மாற்றினேன், வைத்திரு என்று வந்தது. தீன் விலையைத் தொட்டேன், கோழியையும் வில், சோளனையும் வில், வேறு தொழில் பார் என்று வந்தது. மூன்றையும் அவளுக்குச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கண் இரண்டும் மஞ்சளாகி, எலிக்காய்ச்சல் என்று டொக்டர்மார் சொல்லி இரண்டாம் நாள், என்னிடம் என்ன கேட்டாய் என்று ஞாபகமிருக்கிறதா? "சோளன் என்னடா விலை போகுது?" விலையைச் சொன்னேன். "அவளுட்டச் சொல்லு, அவசரப்பட்டுக் குடுக்க வேணாம்." அவ்வளவுதான். வெள்ளத்துக்குள் இறங்கி மூட்டைகளை மேலே ஏற்றியதால்தான் அந்தக் காய்ச்சல் வந்தது. உன் யோசனையும் கடைசிவரை அந்த மூட்டைகளில்தான் இருந்தது. அது அந்த வருச விலை மச்சான். இந்த வருசத்துக்கு உன்னிடம் கேட்க வழியில்லை.

நீ கோழிக்காரனானதே ஒரு பகிடி. கல்லடிக் கடற்கரைப் பிள்ளை நீ. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை ஒரே வாங்கில் இருந்தோம். பிறகு நீ அப்பாவோடு கரைவலைக்குப் போனாய், நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நம் பக்கத்து வழக்கப்படி வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் உடுப்பைக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். உப்புக்காற்றில் வளர்ந்தவன் கரடியனாற்று மேட்டில் போய் இறங்கினாய். முதல் கிழமையே போன் எடுத்தாய்.

"மச்சான், இஞ்ச வேலிக்கங்கால யானை நிக்குதுடா. கடல்ல ஆகப் பெருசு எண்டா சுறா. அதுவும் வேலி பிரிக்காது."

கோழி வளர்க்கத் தொடங்கிய பிறகு உன் தத்துவம் வேறு. "மீனுக்கு ஆராவது தீன் வாங்கிப் போட்டுட்டா பிடிக்கிறான்? அது தன்ட பாட்டுக்குத் தின்னுது. இந்தக் கோழிதான்டா கொழும்புச் சாப்பாடு கேக்குது."

அந்தக் கொழும்புச் சாப்பாடு வராமல் போன காலம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை, நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் இல்லை. தீன் லொறி வருவதே அருமை, வந்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு விலை. ஊரில் பாதிப்பேர் கோழிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். நான் பட்டத்தோடு வந்து, வேலை கிடைக்காமல், பழைய அரைக்கிற மெஷின் ஒன்றை வாங்கிக் கலவைக் கூடம் தொடங்கி ஒரு மாதம். ஆறு பேர் என்னிடம் தீன் எடுத்தீர்கள். நீ முதல் ஆள். கையிலிருந்த சோயா ஐந்து பேருக்குத்தான் காணும் என்று வந்தபோது, நீதான் உன் பங்கை விட்டுக்கொடுத்தாய்.

"எனக்கு வேற என்னத்தயாவது போடு. நீதான் படிச்ச ஆளாச்சே, சேர்."

சேர் என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அது தெரிந்துதான் சொல்வாய்.

"சோயாக்குப் பதிலா மீன் தூள் போடலாம். அது அதவிட விலை" என்றேன்.

"மீன் தூளா? டேய், எங்கட அப்பாட மீன் வாடில காரல் மலையாக் கிடக்கு."

"எவ்வளவு கொண்டு வர ஏலும்?"

"உனக்கு எவ்வளவு வேணும்? கடலென்ன சங்கக்கடையா, கூப்பன் கேக்க?"

அடுத்த நாள் கொண்டுவந்தாய். உன் வளவில் மாமரத்துக்குக் கீழே படங்கு விரித்துக் கொட்டினோம். நான் போனைப் பார்த்து நிறை சொல்ல, நீ மண்வெட்டியால் புரட்டினாய். சோளன், தவிடு, சிப்பித் தூள், இடித்த காரல். அட்டவணையில் இருந்த எண்களை அப்படியே எடுத்தேன். அந்த அட்டவணை உப்பில்லாமல் காயவைத்த மீனுக்கு உரியது. அது பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது, பிறகு பார்த்தேன்.

அந்தக் கிழமை முழுக்க மேகமூட்டம். வெயில் இருந்தால் காரலை வெறும் மணலில் பரப்பிவிடுவார்கள். வெயில் இல்லாவிட்டால் உப்புப் போட்டுத்தான் காயவைப்பார்கள், இல்லாவிட்டால் புழுத்துவிடும். கல்லடியில் இது நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும், உன் அப்பாவின் வாடிக்கு மூன்று ஒழுங்கை தள்ளித்தான் என் வீடு. நீ நினைத்தாய், படித்தவன், உப்பையும் கணக்கில் சேர்த்திருப்பான் என்று. நான் நினைத்தேன், கடற்காரன், கோழிக்கென்று உப்பில்லாததாகப் பார்த்துக் கொண்டுவந்திருப்பான் என்று. இது உப்புப் போட்டதா என்று ஒரு கேள்வி. இரண்டு பேரில் ஒருவனும் கேட்கவில்லை. எனக்கு அன்று பெற்றோல் வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். "கலக்குடா கெதியா, நேரமில்ல" என்று சொன்னதும் நான்தான். ஒரு காரலை வாயில் போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் போகும்?

ஒன்பதாம் நாள் போன் எடுத்தாய். "வந்து பார்." பகிடி இல்லாத உன் குரலை அன்றுதான் கேட்டேன்.

கூட்டின் தரை முழுக்க நசநசவென்று ஈரம். கோழியெல்லாம் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சொண்டைப் பிளந்துகொண்டு நின்றன. தொட்டியில் தண்ணீர் இல்லை. கரண்ட் இல்லாமல் மோட்டர் ஓடவில்லை. செத்ததுகளை மாமரத்துக்குக் கீழே வரிசையாகப் போட்டிருந்தாய். நான் தீன் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். கடல். உன்னைப் பார்த்தேன். நீ ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அயல்வீட்டுக் கிணற்றிலிருந்து சுகந்தி இரண்டு வாளியோடு வேலிப்பக்கம் வந்துகொண்டிருந்தாள்.

"வருத்தம்" என்றாய் மெதுவாக. "கோழிக்கு வந்தது வருத்தம், தொத்து நோய். விளங்குதா?"

"டேய், இது உப்பு..."

"வாயப் பொத்து. அஞ்சு பேர் உன்ட தீன் எடுக்கிறானுகள். கேள்விப்பட்டா நாளைக்கு ஒருத்தனும் வரமாட்டான். நீ மெஷின விப்பாய். மறுகா நான் ஆருட்டப் போய்த் தீன் வாங்குற?"

சுகந்தி வந்துவிட்டாள். வாளியை வைக்கக்கூட இல்லை. நீ அவளைப் பார்த்துச் சொன்னாய்: "வருத்தமாம். இவன் பாத்துட்டுச் சொல்றான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

மச்சான், பொய் உன்னுடையது, ஆனால் அதில் கையெழுத்து என்னுடையது. அந்தத் தலையாட்டலை நான் பல தடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதற்குமேல் போகத் துணிவு வந்ததில்லை. இருநூற்றைம்பதில் தொண்ணூறு செத்தன. மருந்தென்று நான் சுகந்திக்கு ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தேன். மிச்சத் தீனை நீயே குழிக்குள் கொட்டினாய், தண்ணீர் சுமந்து ஊற்றினாய், மற்றவை தப்பின. என் மற்ற ஐந்து பேரும் ஒன்றும் அறியவில்லை. என் கூடம் நின்று பிடித்தது. இன்று நாற்பது பேர் வருகிறார்கள். நாம் இரண்டு பேரும் அதைப்பற்றிப் பிறகு ஒரு நாளும் கதைக்கவில்லை. நான் இதை உன் நல்ல மனம் என்று எடுத்துக்கொண்டேன். சிநேகிதன் எனக்காகத் தன் நட்டத்தை விழுங்கினான் என்று. உன்னை எரித்த அன்றும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

போன கிழமை அந்தக் கதை புரண்டுவிட்டது.

மூன்று விடையையும் கேட்டுவிட்டுச் சுகந்தி கதிரை உதிர்த்தபடியே சொன்னாள்: "விலை ஏறும், இறங்கும், அது எனக்குப் பயமில்ல அண்ணா. வச்சிருந்து மறுகாலும் அந்த வருத்தம் வந்தா? அதுதான் யோசின. பேசாம லொறிக்காரனுட்டக் குடுத்துட்டுக் கோழியையும் முடிச்சிருவமோ எண்டு கிடக்கு."

"அதெல்லாம் வராது" என்றேன்.

"நீங்க சொல்லுவீங்க. அக்காட கோழியால வந்தது. ஊர்க்கோழி ஊரெல்லாம் மேயுது, எந்த வளவில இருந்து திரும்பக் கொண்டு வருமோ?"

"எந்த அக்கா?"

ஆயித்தியமலையில் இருக்கிற அவளுடைய அக்கா. மகளின் பிரசவத்துக்கு டவுன் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டியிருந்ததால், அந்தக் கிழமைதான் தன்னுடைய பன்னிரண்டு ஊர்க்கோழிகளையும் உன் வளவில் கொண்டுவந்து விட்டிருந்தாவாம். அவை கூட்டுத் தீன் தின்னவில்லை, வெளியே மேய்ந்தன, ஆகவே ஒன்றும் சாகவில்லை. கூட்டுக்குள் சாகிறது, வெளியே சாகவில்லை. அப்படியானால் வெளியே இருந்ததுதான் கொண்டுவந்தது என்று சுகந்தி முடிவெடுத்திருக்கிறாள். கெட்டிக்காரி, அவள் தர்க்கத்தில் பிழையில்லை. நான் தலையாட்டித் தொடக்கிவைத்த தர்க்கம் அது. பன்னிரண்டையும் பிடித்துக் கழுத்தைத் திருகிப் புதைத்துவிட்டாள். பேரப்பிள்ளையைக் கண்டு பூரித்துப்போய்த் திரும்பிவந்த அக்கா கோழி எங்கே என்று கேட்க, "உங்கட கோழியாலதான் என்ட தொண்ணூறு செத்தது" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

உன் செத்தவீட்டில் கடப்படி வாசலோடு நின்று பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப்போன ஒரு பெண்ணை எனக்கு ஞாபகமிருக்கிறது. ஆர் என்று கேட்க நினைத்து மறந்துவிட்டேன்.

"இவருக்கு அதுல ஒரே மனச்சங்கடம்" என்றாள் சுகந்தி. "குழி வெட்டினது இவர்தான். கடைசிக் கோழியக் கையில வச்சிட்டுச் சும்மா நிண்டார் கனநேரம். போடுங்க எண்டு நான்தான் ஏசினன்."

நான் எழும்பி வந்துவிட்டேன். விலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு சாட்டு.

இதுதான் என் முறைப்பாடு. நீ ஏன் அந்தக் குழியை வெட்டினாய்? ஊருக்குச் சொன்னது விளங்குகிறது. அவளுக்கேன் சொல்லவில்லை? அந்தக் கடைசிக் கோழியைக் கையில் வைத்திருந்த நேரம் போதுமே, "விடு புள்ள, இது வருத்தமில்ல" என்று சொல்ல. சுகந்தி ஊரெல்லாம் சொல்லித் திரிகிற ஆளும் இல்லை. நான் இந்தக் கிழமை முழுக்க யோசித்துப் பார்த்தேன். எனக்காகச் செய்தாயா? அப்படியென்றால் என் கூடத்துக்கான விலையைக் கொடுத்தது நீயில்லை, ஆயித்தியமலையில் ஒரு மனிசி. அல்லது, கடற்காரன் உப்பை மறந்தான் என்று பெண்சாதி வீட்டார் சிரிப்பார்கள் என்று உனக்கே வெட்கமா? வந்த மாப்பிள்ளை பெண்ணின் வளவுக் கோழியைக் கொன்றுவிட்டான் என்று? இதை நினைத்தால் உன்மேல் கோபம் வருகிறது. பிறகு, நீ செத்துவிட்டாய், இதைப்போய் உன்னைப்பற்றி நினைக்கிறேனே என்று என்மேல் கோபம் வருகிறது. நீ செய்ததில் இரண்டும் கலந்திருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் விளங்கியது. சுகந்தி கோழியை முடிக்க நினைப்பது விலைக்குப் பயந்து இல்லை. வராத ஒரு வருத்தத்துக்குப் பயந்து. அப்படியிருக்க நான் எத்தனை கணக்குப் போட்டு என்ன? அவளுடைய நட்டத்தின் பக்கத்தில் ஒரு பொய்யான வரி கிடக்கிறது, அதை எழுதியவன் நான்.

காலையில் அந்த ஐயாவைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேனே. மத்தியானம் அவரைத் தேடிப் போய்ச் சொன்னேன், அது உப்புப் போட்ட காரல், கோழி சாகும், எனக்கு ஒருமுறை நடந்திருக்கிறது என்று. எனக்கு நடந்திருக்கிறது என்று முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் "ஓ அப்படியா தம்பி, நல்லதாப் போச்சு" என்று போய்விட்டார். ஒருவனும் ஓடவில்லை, மெஷின் விற்கப்படவில்லை. அங்கிருந்து நேரே மோட்டர் சைக்கிளைக் கரடியனாற்றுக்கு விட்டேன்.

சுகந்தி மூட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். சுற்றிவளைக்க எனக்கு வராது. "தங்கச்சி, அண்டைக்குக் கோழி செத்தது வருத்தத்தால இல்ல. உப்பால. காரல்ல உப்பு இருந்தது, நான் பாக்கல்ல. அவனுக்கும் தெரியும். நான் தலையாட்டினது பொய்."

கோணி ஊசி கையிலேயே நின்றது.

"உப்பா?"

"ஓம்."

"கோழிக்கு நீங்க எழுதித் தந்த மருந்து?"

"அது சும்மா விற்றமின்."

"அக்காட கோழி?"

"அதுகளுக்கு ஒண்டுமில்ல."

எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். முகத்தைக் கழுவினாள். திரும்பிவந்து என் முன்னால் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். "இவ்வளவு படிச்ச ஆள், ஒரு கருவாட்ட வாயில வச்சுப் பாக்கல்லயா?" என்றாள். பிறகு வேலிப்பக்கம் திரும்பி, உன்னையும் ஏசினாள். நல்ல ஏச்சு. அதை இங்கே எழுதமாட்டேன். உனக்குப் பழக்கமானதுதான். ஏசி முடித்து, மூச்சு வாங்கி, "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைய மடச்சியாக்கிப் போட்டீங்க" என்றாள்.

பிறகு ஊசியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள்.

"இதுல ரெண்டு மூட்டை அக்காக்கு. நீங்கதான் கொண்டு போகணும். நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா, புருசனக் காப்பாத்தக் கதை கட்டுறா எண்டுதான் அவ நினைப்பா."

"சரி."

"மிச்சத்துக்குக் கணக்குப் போடுங்க. வருத்தத்த விட்டுட்டுப் போடுங்க."

பத்து மூட்டை என்று போட்டேன். பன்னிரண்டு இல்லாவிட்டால் லொறி உள்ளே வராது, றோட்டு விலைக்குக் கொடுத்தால் கடைத் தீன் வாங்கக் காணாது. கோழிக்குப் போட்டால் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைய வரும். "வச்சிருக்கலாம் போலதான் கிடக்கு" என்றேன். "ஆனா முட்டை விலை விழுந்தா இதுவும் பிழை. சரியா எண்டு எனக்குத் தெரியாது."

"தெரியாது எண்டு உங்கட வாயால இண்டைக்குத்தான் கேக்குறன்" என்றாள். "அப்ப கோழிக்கே கிடக்கட்டும். லொறிக்காரனுக்கு நான் போன் எடுக்கிறன்."

தேத்தண்ணி தரவில்லை. இத்தனை வருசத்தில் அந்த வளவில் தேத்தண்ணி இல்லாமல் நான் திரும்பியது இன்றைக்குத்தான். அதுவும் சரிதான்.

இப்போது கூடத்தில் வந்து இருந்து எழுதுகிறேன். பொழுது சாய்கிறது. இந்தப் பருவம் எப்படிப் போகும் என்று தெரியாது. அவள் எடுத்த முடிவு லாபமா நட்டமா என்று இரண்டு மாதத்தில் தெரியும், அதற்குள் விலை இன்னும் நாலு தரம் மாறும். உன்னைப்பற்றியும் எனக்கு ஒரு முடிவு வரவில்லை. நீ எனக்குச் செய்தது நன்மையா, நான்தான் அதை நன்மை என்று பெயர்போட்டு வைத்திருந்தேனா? கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். "விடுடா சேர்" என்பாய். விடமுடியவில்லை. நீ எனக்காகச் சொன்ன பொய்யை நாளைக்கு நான் உடைக்கப்போகிறேன். கோபித்தாலும் போவேன்.

மோட்டர் சைக்கிளில் ஒரு தடவைக்கு ஒரு மூட்டைதான் கட்டலாம். ஆயித்தியமலைக்கு இரண்டு தரம் போய்வர வேண்டும். முதல் மூட்டையை இறக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், "ஏன் தம்பி எனக்குச் சோளன்?" என்று அவ கேட்க, சுகந்தி தந்துவிட்டா என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையாட்டிக்கொண்டு வந்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். சொன்ன பிறகு, இரண்டாவது மூட்டையோடு போகும்போது அவ கடப்பு வாசலைத் திறப்பாவா என்று தெரியாது. திறக்காவிட்டால் மூட்டையை வெளியே வேலியோரம் இறக்கி, மழை வந்தால் நனையாமல் படங்கால் மூடிவிட்டு, அங்கேயே நிற்பேன்.